நீண்டுபோன டேப்

அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் ‘மீடியம்’தான். வேலை என்னவென்றால், நிற்பது. அட, நிற்பதற்குச் சம்பளமா என்று வாயைப் பிளக்காதீர்கள். மீடியம் அளவில் தைத்த முதல் சட்டையை அவளுக்குப் போட்டு, கட்டிங் மாஸ்டர் தோளில் இழுத்து, இடுப்பில் குண்டூசி குத்தி, சரி என்று தலையாட்டினால்தான் மற்ற துணியில் கத்தரி படும். அதனால் மாதம் பிறந்தால் அவளை அளப்பார்கள். உடம்பு கூடினால் வேலை போச்சு, வேறு ஆள் வந்துவிடும்.

போன வருஷம் அவள் நிற்கவே இல்லை. குளியலறையின் ஈரத் தரையில் உட்கார்ந்தாள் என்றால் குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், இவள் எழுந்திருக்க மாட்டாள். அக்காதான் தாழ்ப்பாளை உடைத்து, உடம்பைத் துவட்டி, மனநல டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“இந்த மாத்திரைக்கு வாய் வறளும், வேர்க்கும், எடையும் கூடலாம். தொந்தரவா இருந்தா வாங்க, மாத்தித் தரேன். நீங்களா நிறுத்திடாதீங்க” என்றார் டாக்டரம்மா.

மாத்திரை அவளை எழுப்பி நிறுத்தியது. நிறுத்திவிட்டு வேலையைக் காட்டியது, பாவி மாத்திரை! நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பாட்டிலும் சர்க்கரை இல்லாத சூயிங்கமும் கையோடு திரிந்தன. சட்டையில் வேர்வை பட்டால் மாஸ்டர் குதிப்பார் என்று அக்குளில் கைக்குட்டையை மடித்து வைத்தாள். பசியோ பேய்ப்பசி. வெள்ளரிக்காயாகக் கடித்தாள், லிஃப்டை விட்டுப் படியேறினாள். இடுப்பு எதற்கும் மசியவில்லை.

ஒருதடவை தானாகவே நிறுத்தியும் பார்த்தாள். மண்டைக்குள் சுரீர் சுரீரென்று கரண்ட் அடித்தது. கொஞ்ச நாளில் மறுபடியும் அதே ஈரத் தரை. “தடிச்சா என்னடி? எழுந்து நிக்கிற பாரு, அது போதும் எனக்கு” என்று அக்கா அழுதாள். வேறு மாத்திரை கேட்கலாம்தான். அது வேலை செய்யாமல் போய்விட்டால்? பழைய மாத்திரையையே மறுபடி விழுங்க ஆரம்பித்தாள்.

மாஸ்டருக்கு வாய் ஜாஸ்தி. “என்னம்மா மீடியம், மழையில நனைஞ்ச கோழியாட்டம் நிக்கிற? வாயில வேற என்ன, எப்பப் பாரு அசை போட்டுக்கிட்டு?” என்பார் ஹால் முழுக்கக் கேட்கும்படி. தையல் மெஷின்களெல்லாம் நின்று சிரிக்கும். அவளும் சிரித்துவைப்பாள். வயிறு எரியும்.

மாஸ்டரின் மேஜை இழுப்பறையில் அவர் கழித்துப்போட்ட பழைய துணி டேப்புகள் கிடந்தன. “இழுத்து இழுத்து நீண்டுபோனா டேப் பொய் சொல்லும். ஒண்ணரை இஞ்ச் கூடியிருந்தாலும் காட்டாது” என்று அவரே ஒருநாள் சொல்லியிருந்தார். மாதம் பிறப்பதற்கு முந்தின நாள் அவர் டேப்பை நாற்காலியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். அவள் மாற்றி வைத்தாள். இரண்டும் ஒரே மஞ்சள்.

மறுநாள் மாஸ்டர் அளந்தார். முகத்தைச் சுளித்தார். இன்னொருமுறை அளந்தார்.

“கண்ணுக்குப் பெருத்த மாதிரி தெரியுது. டேப் சரியா இருக்குங்குது.” தலையைச் சொறிந்தார். “எனக்குத்தான் கண்ணு போச்சு போல.”

அடுத்த வாரமே தடித்த கண்ணாடியோடு வந்தார். அதற்கும் ஹால் சிரித்தது. இந்தமுறை அவள் மனசாரச் சிரித்தாள்.

அவள் யோசிக்காத ஒன்று இருந்தது. அதே டேப்பை வைத்துத்தான் மாஸ்டர் துணி வெட்டுவதற்கான அளவு அட்டையும் போடுவார். அட்டையை வைத்துத் துணி, துணியை வைத்துச் சட்டை. முதல் சட்டை அவளுடைய பெருத்த உடம்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. மீடியம் முத்திரை போட்ட சட்டைகள் வண்டி வண்டியாகப் போய், வண்டி வண்டியாகத் திரும்பி வந்தன. அத்தனையும் தொளதொள.

பெட்டிகள் இறங்குவதைப் பார்த்ததும் அவள் இழுப்பறையைத் திறந்தாள். முதலாளி மேலே வருவதற்குள் நல்ல டேப் மாஸ்டரின் நாற்காலிக்குத் திரும்பிவிட்டது. முதலாளி அதை இரும்பு அளவுகோலில் வைத்துப் பார்த்தார். நூல் பிசகாமல் சரியாக இருந்தது.

“டேப் சரியாத்தான்யா இருக்கு! கண்ணு தெரியலைன்னா வீட்டுல கிட. என் தலையில ஏன் மண்ணை வாரிப் போடுற? போய்யா!”

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு நேராக அவளிடம் வந்தார். அவர் குரல் அவ்வளவு தணிந்து அவள் கேட்டதே இல்லை.

“ஒரே ஒரு தடவை அளந்து பாத்துக்கறேம்மா. யாருக்கும் சொல்ல மாட்டேன். என் கண்ணு நிஜமாவே போச்சான்னு எனக்குத் தெரியணும்.”

ஒன்பது வருஷமாக அந்தக் கை அவளை அளந்திருக்கிறது. ஒருநாளும் விரல் தப்பாகப் பட்டதில்லை. அது அவளுக்குத் தெரியும். டேப் இடுப்பைச் சுற்றி வந்தபோது அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். நாக்கு வறண்டிருந்தாலும் குரல் கணீரென்று வந்தது.

“என்ன மாஸ்டர் இது? கைய எடுங்க!”

மெஷின்கள் நின்றன. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மாஸ்டரையே பார்த்தார்கள். அவர் தன் கையைப் பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டேப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, கண்ணாடியையும் அதன் பக்கத்திலேயே விட்டுவிட்டு, சுவரைத் தடவியபடி படியிறங்கினார்.

அவள் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தாள். தாகம் அடங்கவில்லை. ஆனால் கால் நடுங்காமல் நின்றது. மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்தது.

புது மாஸ்டர் திங்கட்கிழமை வருகிறார் என்றார்கள். டேப்பை அவரே கொண்டுவருவாராம்.