முறிந்த முன்னங்கால்

அம்மாவின் தலைமுடியைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. மகள் ஒரு கையில் சீப்போடு எடுத்தாள்.

"அக்கா, எங்க இருக்கீங்க? கிரேன் வந்து நிக்குது. பதினொரு மணி வரைக்கும்தான் ரோட்டை மூடித் தருவாங்க." மாநகராட்சி இன்ஜினியர்.

"நான் அவங்க பொண்ணு சார். அம்மா விடியக்காலையில தவறிட்டாங்க. தூக்கத்துலயே."

அவர் வருத்தம் சொன்னார். இன்றைக்கு விட்டால் மூன்று மாதம் தள்ளிப்போகும், வரைபடத்தைப் பார்த்துச் சிலையை நாங்களே தூக்கிக்கொள்கிறோம் என்றார்.

"எங்க மாட்டித் தூக்குவீங்க?"

"கழுத்துலயும் முதுகுலயும். பழைய கொக்கி அங்கதானே இருக்கு."

மகள் சீப்பைக் கீழே வைத்தாள்.

அம்மா மாநகராட்சிப் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டர். அந்த வெண்கலக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்னர் உயிரோடு இருந்தவரை பல்லக்கை விட்டு இறங்காதவர் என்பது ஊரறிந்த சங்கதி. செத்த பிறகுதான் மகன் அவரைக் குதிரை ஏற்றினான். ஆட்சி மாறிய அன்று ஜனங்கள் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். ஊன்றியிருந்த முன்னங்கால் முறிந்தது. அதன்பின் நாற்பது வருஷம் குதிரையும் மன்னருமாக அதே பட்டறையில் தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் கிடந்தார்கள். நிறுத்தியது, தள்ளியது எல்லாவற்றையும் பீடத்தில் எழுதிவைத்து மறுபடி நிறுத்தலாம் என்று இந்த வருஷம் முடிவானது. முறிந்த காலை ஒட்டவைக்கும் வேலை அம்மாவிடம் வந்தது.

"அந்தாளுக்காகவா இப்படி உசுரைக் குடுத்து உழைக்கிற?" என்று மகள் கேட்டிருக்கிறாள்.

"அவன் கிடக்கான். குதிரை என்னடி பாவம் பண்ணுச்சு?"

நேற்றுச் சாயங்காலம் அம்மா, குதிரையை எப்படித் தூக்குவது என்று பழைய சூட்கேஸின் அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிக் காட்டினாள். அன்று விழுந்த வேகத்தில் குதிரையின் கழுத்துக்குள் விரிசல் ஓடியிருந்தது. நிற்பதற்கு அது தாங்கும், தூக்குவதற்குத் தாங்காது. "கொக்கியை நம்பினா கழுத்து கையோட வந்துரும். வயித்துக்கு உள்ளாற இரும்புச் சட்டம் குடுத்திருக்கேன். அங்கதான் பெல்ட் போடணும். நாளைக்கு நானே நின்னு சொல்லிக்கிறேன்."

மகள் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். சித்தி வாசலில் மறித்தாள்.

"பெத்தவளைக் கிடத்திப்போட்டுட்டு எங்கடி கிளம்புற? நாலு பேரு சிரிக்கப் போறாங்க."

"அவளை விடும்மா," என்றார் அப்பா. மகளிடம் திரும்பி, "ஷூ போட்டுட்டுப் போ. அங்க கண்ட இரும்பும் கிடக்கும்," என்றார்.

சதுக்கத்தில் கொக்கிகளை மாட்டியாகிவிட்டது. அவற்றைக் கழற்றி, குதிரையின் வயிற்றுக்கு அடியில் பெல்ட் போடச் சொன்னாள் மகள்.

"டிராயிங்ல பெல்ட்டுன்னு ஒண்ணுமே இல்லையேம்மா," என்றார் இன்ஜினியர்.

"அது குதிரை விழறதுக்கு முன்னாடி போட்ட டிராயிங் சார்." ஐம்பது பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிற குரல் அது. "சேணத்துக்குக் கீழ ஒரு மூடி இருக்கும். திறந்து உள்ள லைட் அடிச்சுப் பாருங்க."

அவர் யோசிப்பதற்குள் கிரேன் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். "அக்கா சொன்னதுன்னா அதுல மறுபேச்சே இல்ல சார். பார்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் நான் தூக்க மாட்டேன்."

இன்ஜினியர் ஏணியில் ஏறி எட்டிப்பார்த்தார். இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "கொக்கியைக் கழட்டுங்கப்பா. ரெண்டு பெல்ட் கொண்டாங்க."

குதிரை எழும்பியது. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, காற்றில் நிதானித்து, மெல்ல இறங்கியது. முன்னங்கால் மயிரிழை இடைவெளி இல்லாமல் பீடத்தில் பதிந்தது. போல்ட்டுகளை முடுக்கும்வரை மகள் நகரவில்லை. பிறகு ஏணியில் ஏறி, காலில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித் தேடினாள். அகப்படவில்லை.

வீடு திரும்பியபோது கூட்டம் சேர்ந்திருந்தது. சித்தி ஒதுங்கி வழிவிட்டாள்.

"நின்னுதா?" என்றார் அப்பா.

"நின்னுதுப்பா."

"ஒட்டு?"

"எங்கன்னே தெரியல."

அப்பா தலையாட்டினார். விடிந்ததிலிருந்து நின்றபடியே வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.