பன்னிரண்டாவது சோதனை

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று என் இரண்டு கண்கள் மீதும், ஆபரேஷன் செய்த கண்ணைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தியும், சத்தியம் செய்கிறேன். நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தம் இல்லை.

அத்தை சுவரோரம் குனிந்து கம்ப்யூட்டரின் பிளக்கில் கை வைத்தபோது, மகள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள். கூடத்துக் கட்டிலில் அவள் அப்பா, லிஃப்ட் இன்ஸ்பெக்டர், இறந்து கிடந்தார். உயிர் போய் நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. டாக்டர் வந்து, பார்த்து, எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தலைமாட்டில் இருந்த மேஜையில், திரை முழுக்க வெள்ளை. அதன் நடுவே ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. முப்பத்து நான்கு சதவீதம்.

"செத்த வீட்ல டிவி ஓடுற மாதிரி இருக்குடி. வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் அத்தை. இறந்தவருக்கு அக்கா. எண்பது வயதிலும் யாருக்கும் வளைந்து கொடுக்காதவள். அந்தப் பிளக்குக்காகத்தான் குனிந்திருந்தாள்.

"நிறுத்தினா அம்மா போயிடுவாங்க, அத்தை."

அம்மா போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. அத்தை நிமிர்ந்து, மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு வாழ்க்கையில் இருந்த கொள்கை ஒன்றே ஒன்றுதான்: விழவிட்டுப் பார்க்காத எதையும் நம்பக்கூடாது. லிஃப்டின் கயிறு அறுந்தால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க அடியில் ஒரு பிரேக் உண்டு. மற்ற இன்ஸ்பெக்டர்கள் உள்ளே மணல் மூட்டையை ஏற்றிவிட்டு, வெளியே நின்று அதைச் சோதிப்பார்கள். இவர் தானே உள்ளே போய், தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, "விடு" என்பார். ஒரு சொட்டு சிந்தினாலும் சான்றிதழ் கிடையாது. அவர் வேலையில் இருந்த முப்பத்தாறு வருடமும் ஊரில் பாதிப் பேர் மாடிப்படி ஏறியே உடம்பைத் தேற்றினார்கள்.

அம்மா இறந்த பிறகு தேடிப் பார்த்தால், அவள் அசைந்து, பேசுகிற படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மின்விசிறியைத் துடைக்கிற அப்பாவை அவள் திட்டுவது, நாற்பத்தொரு விநாடி. மகள் தன் போனில் எடுத்து, அப்பாவின் கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் போட்டிருந்தாள். போன் பஸ்ஸில் தொலைந்தது. பயந்துபோனவள் மறுநாளே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்து, நல்ல பேக்கப் சாஃப்ட்வேராகப் பார்த்துப் போடச் சொன்னாள். வேறு யாருக்கும் ஒரு சாயங்கால வேலை.

அவர் ஒரு நோட்டுப் போட்டு, சோதனையைத் தொடங்கினார். கம்ப்யூட்டரில் உள்ளதை எல்லாம் டிஸ்க்கில் நகல் எடுப்பது, கம்ப்யூட்டரைத் துடைத்துக் காலியாக்குவது, நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவருவது, எது வரவில்லை என்று எழுதுவது. காப்பி எடுக்கிற வேலையை யார் வேண்டுமானாலும் செய்துவிடுவான், திருப்பித் தருகிறவன் யார் என்றுதான் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். கயிறு நன்றாக இருக்கிறது என்று காட்டி எந்த லிஃப்ட் கம்பெனிக்காரனும் அவரிடம் கையெழுத்து வாங்கியதில்லை.

ஐந்து வருடத்தில் பதினொரு சாஃப்ட்வேர். மூன்றாவது, ஃபைல்களின் பெயர்களை மட்டும் பிசகாமல் திருப்பித் தந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஐந்தாவது எல்லாப் படங்களுக்கும் ஒரே தேதியைப் போட்டதில், மகள் பிறந்த அன்றே படித்து, பல் டாக்டராகி, கல்யாணமும் செய்துகொண்டுவிட்டாள். எட்டாவது யாரோ முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் படங்களைக் கொண்டுவந்து கொட்டியது. அவர்கள் சிரித்த முகமாக இருந்ததால் இரண்டு மாதம் வைத்திருந்து பார்த்தார். முதல் சாஃப்ட்வேரைப் பற்றி நோட்டில் குறிப்பு இல்லை. அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது.

அம்மா வீடியோவைப் பார்க்க வேண்டும் என்று மகள் கேட்கும்போதெல்லாம், டெஸ்ட் நடக்கும்போது தொடக்கூடாது என்று சொல்லிவிடுவார். டெஸ்ட் எப்போதும் நடந்துகொண்டிருந்தது.

அன்று காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டாவது. ஒரு வாரமாக அவரால் எழுந்து உட்கார முடியவில்லை, தண்ணீர்கூட ஸ்பூனில்தான். கட்டிலை மேஜைப் பக்கம் தள்ளச் சொல்லி, படுத்தபடியே விரலால் காட்டினார். மகள் ஒவ்வொன்றாகச் செய்தாள். துடைக்கிற பொத்தானுக்கு வந்ததும் கை நின்றது.

"அம்மா இருக்கறதும் சேத்தாப்பா?"

"சேத்துத்தான்."

"வேற காப்பி?"

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லு பிடுங்கறவ நீ. கை நடுங்காம அழுத்து."

"பிடுங்கினதைத் திருப்பி வைக்க எனக்குத் தெரியாதுப்பா."

"அதுக்குத்தானே சாஃப்ட்வேர்."

அழுத்தினாள். பிறகு திரும்பக் கொண்டுவருகிற பொத்தானையும் அழுத்தினாள். பச்சைக் கோடு புறப்பட்டது. இன்னும் ஏழு மணி நேரம் என்றது. கொஞ்சம் யோசித்து, இரண்டு நிமிடம் என்றது. பிறகு பதினோரு நாள் என்றது. ரிப்பேருக்கு வருகிற மெக்கானிக்கும் இப்படித்தான் சொல்வான் என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். பதினோரு மணிக்கு, முப்பத்தொரு சதவீதத்தில், அவர் மார்பு ஏறியது; இறங்கியது; மறுபடி ஏறவில்லை. அந்த நேரத்தில் மகள் அவரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவள் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

மற்றதை எல்லாம் அத்தையிடம் மூன்றே வாக்கியத்தில் சொன்னாள். அத்தைக்கும் அம்மாவுக்கும் முப்பது வருடம் பேச்சுவார்த்தை இல்லை. எதனால் என்பது இருவருக்குமே மறந்திருந்தது. அதனால் சமாதானம் ஆகவும் வழியில்லாமல் போயிற்று. அத்தை கொஞ்ச நேரம் பச்சைக் கோட்டைப் பார்த்தாள்.

"என்னைத் திட்டினது ஏதாவது இருக்கா அதுல?"

"இல்ல அத்தை. அப்பாவை மட்டுந்தான்."

"அப்ப ஓடட்டும்."

ஒரு நாற்காலியை இழுத்துப் பிளக்குக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அதன்பின் அந்தப் பக்கம் வந்தவர்கள் அவள் கைத்தடியைப் பார்த்தே ஒதுங்கி நடந்தார்கள்.

மதியத்துக்கு மேல் ஆட்கள் சேர்ந்தார்கள். வந்தவர்கள் முதலில் அவர் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு மகளின் முகத்தை, பிறகு திரையை. துக்கம் கேட்க வந்த கீழ்வீட்டுக்காரர், விஷயம் தெரிந்ததும் திரும்பிப் போகவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசலுக்குப் போய், அங்கே நிற்பவர்களிடம் எண்ணைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வந்தார். ஐம்பத்தெட்டு சதவீதத்தில் அழ ஆரம்பித்த ஒரு பழைய லிஃப்ட் மெக்கானிக் எழுபத்திரண்டில்தான் நிறுத்தினார். இறந்தவர் அவருடைய லிஃப்டுகளுக்கு ஒன்பது முறை சான்றிதழ் மறுத்திருந்தார்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. எண்பத்தாறு. டிரைவர் மேலே ஏறிவந்து, நாலரைக்கு இன்னொரு வீட்டில் எடுக்க வேண்டும் என்று பணிவாகச் சொன்னார். மகள் காரணத்தைச் சொன்னாள். அவர் திரையை ஒரு தரம் பார்த்துவிட்டு, படியிறங்கிப் போய், போன் பேசிவிட்டு வந்தார்.

"கேட்டுட்டேன்மா. அவங்க காத்திருக்கறாங்களாம். அவங்க வீட்லயும் கம்ப்யூட்டர் இருக்கு."

தொண்ணூற்றொன்பதில் கோடு நின்றது.

நாற்பது பேர் நின்ற கூடத்தில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. கீழ்வீட்டுக்காரர் வாசலுக்குப் போகவில்லை. சொல்ல அவரிடம் புது எண் இல்லை. மகள் தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோ வராவிட்டால் ஒரே நாளில் இரண்டு பேர். ஒருவரை நோய் கொண்டுபோயிற்று. இன்னொருவரை அவளே... அந்த வாக்கியத்தை அவள் மனதுக்குள்கூட முடிக்கவில்லை. விரலை மடக்கிக்கொண்டாள்.

நாலு மணி ஆறு நிமிடத்துக்கு நூறு.

டிரைவர் தொப்பியைக் கழற்றினார். மகள் 'வீடு' என்று பெயர் போட்ட ஃபோல்டரைத் திறந்தாள். இருந்தது. அழுத்தினாள்.

அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். ஸ்டூலின் மேல் அப்பாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. மேலேயிருந்து சாம்பல் நிறத்தில் தூசி இறங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவைதான் சொல்றது உங்களுக்கு? கட்டில் பூரா தூசி. ஒரு துணி எடுத்துப் போத்திட்டு, அப்புறம் துடைச்சா என்ன?"

அப்பாவின் கால் கட்டைவிரல் ஸ்டூலின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்ப, படம் முடிந்தது.

அத்தை அன்று முதல் தடவையாகப் பிளக்கை விட்டு எழுந்தாள். அலமாரியைத் திறந்து, மடிப்புக் கலையாத ஒரு வெள்ளை விரிப்பை எடுத்து வந்து உதறினாள். தம்பியின் பாதத்திலிருந்து தொடங்கிக் கழுத்துவரை போர்த்தினாள். ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினாள். செருகி முடித்துவிட்டு, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள்.

ஒரு தகவல் பாக்கி இருக்கிறது. அந்த லிஃப்ட் இன்ஸ்பெக்டர் நான்தான், இன்னும் சாகவில்லை. நாற்பத்தொரு விநாடியும் முதல் சாஃப்ட்வேரிலேயே போய்விட்டது, மகளிடம் இன்னும் சொல்லவில்லை.