அக்காவின் பிறப்புச் சீட்டு

அந்தோணி கெட்டவர் இல்லை, சோம்பேறி. மூத்த மகள் ஸ்டெல்லாமேரி இரண்டு வயதில், கனகசெட்டிக்குளத்தில் மாமியார் வீட்டில், காய்ச்சலில் போய்விட்டாள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். புதுச்சேரிப் பதிவு ஆபீசில் யாரும் போய்ச் சொல்லவில்லை. மறுவருஷம் பிறந்த பெண்ணுக்கும், ஏக்கம் தாங்காமல், அதே பெயரை வைத்தார்கள். "அதான் பேரு புஸ்தகத்துல இருக்கே, இன்னொரு தபா எதுக்கு?" என்று அந்தோணி ஆபீஸ் பக்கமே போகவில்லை. இந்த மகா காரியத்தைச் செய்துவிட்டு அவரும் கண்ணை மூடினார்.

இளையவளுக்கு 1934-இல் பதினைந்து வயது. காலையில் கோயில் வாசலில் ஆப்பம் விற்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு துரைசானி வீட்டில் இஸ்திரி போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பளத்துப் பெண்களுக்கு, சைகோனில் இருக்கும் புருஷன்மாருக்குக் கடிதம் எழுதித் தருவாள். எல்லாம் பிரெவே என்கிற பிரெஞ்சுப் பரீட்சைக்காக. தேறினால் வாத்தியாரம்மா.

பரீட்சைக்குப் பதினாறு நிரம்பியிருக்க வேண்டும், பிறப்புச் சீட்டும் வேண்டும். அவளுக்கோ சீட்டே கிடையாது. கோர்ட்டுக்கு அலைந்து வாங்க வருஷக்கணக்காகும். ஆபீஸ் குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டி, பெயரைக் கண்டுபிடித்து, பதினெட்டு வயதுக்காரியின் சீட்டை எழுதி நீட்டினார். அவள் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. செத்தவர்களின் பெயர்களைச் சாமியாரிடம் எழுதிக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார். வருஷா வருஷம் செத்தவர்கள் நடுவே தன் பெயரைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

"அம்மா, இந்த வருஷம் அக்கா பேரு குடுக்காத. செத்தவ சீட்டுல பரீட்ச எழுதுறான்னு எவனாவது சொல்லிட்டா என் கதி அவ்ளோதான்."

தாய் வேளாங்கண்ணி அழுதாள். "பேரு படிக்கலன்னா அந்தப் புள்ள எங்கடி போவும்?"

பெயர் வாசிக்கப்படவில்லை. மகளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் துரைசானி வீட்டுச் சமையல்காரி ஆதிலட்சுமி கேட்டாள்: "கூட வந்த புள்ளைய ஏன் வெயில்ல நிக்க வெச்சிருக்க? உள்ள கூப்புடேன்."

ஸ்டெல்லாமேரி எட்டிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. அன்று இரண்டு சட்டைகளைக் கருக்கிவிட்டாள்.

பரீட்சை நாளும் வந்தது. கூடத்தில் நாற்பது பேர். கண்காணிக்க வந்த வெள்ளைக்காரர் குனிந்தபடியே பட்டியலை வாசித்தார். "ஸ்டெல்லாமேரி, அந்தோணியின் மகள், பிறந்தது 1916."

"பிரெசாந்த்," என்று ஆஜர் சொல்லி எழுந்து நின்றாள்.

அவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "ஒரு முறை சொன்னால் போதும், மத்மசேல்."

அவள் ஒரு முறைதான் சொல்லியிருந்தாள். பக்கத்துப் பெண்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடினால் திரும்பவும் ஆப்பக்கல்தான். கேள்வித்தாளை வாங்கிக்கொண்டாள். பிறகு பெஞ்சில் ஓரமாக நகர்ந்து, ஒரு சின்னக் குழந்தை உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, எழுத ஆரம்பித்தாள்.