கடுகளவு வெற்றிடம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, ஆராய்ச்சி நிலையத்தின் தரைத்தளத்தில், பம்ப் பழுதுபார்க்கும் அறையில் உலகம் முடியத் தொடங்கியது. முதலில் கடுகளவு இடத்தில் மட்டும்.

பார்த்தவர் பம்ப்காரம்மா. இருபது வருடங்களாக இரும்புக் கலங்களிலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்பதுதான் அவருக்கு வேலை. கலத்தின் மூடியைத் தூக்கினார். நடுவே நிறமில்லாத ஒரு புள்ளி அந்தரத்தில் நின்றது. கை தவறி விழுந்த திருகாணி அதைத் தொட்டதும் சத்தமில்லாமல் இல்லாமல் போனது. திருப்புளியின் நுனியை நீட்டிப் பார்த்தார், நுனியும் போனது. வெட்டுப்பட்ட இடம் கண்ணாடிபோல் மின்னியது. அவர் பயப்படவில்லை. காலியிலும் பல ரகம் உண்டு என்று தெரிந்தவர். தன் பம்ப் உண்டாக்கும் காலி இல்லை இது, அதைவிடக் காலி என்று மட்டும் புரிந்தது.

நேர் மேலே, முதல் மாடியில், துறைத் தலைவரின் அறை. நாம் வாழும் வெற்றிடம் ஆற்றல் பள்ளத்தின் அடியிலேயே இருக்கிறது, இதற்குக் கீழே இறங்க இடமில்லை என்று தடிமனாகப் புத்தகம் எழுதியவர். அதனால் கட்டடம் முழுக்க அவருக்கு உறுதியார் என்றே பெயர். வேறு சிலர், இது அடி இல்லை, சரிவின் நடுவில் ஒரு சின்னக் குழி, போலி வெற்றிடம், என்றைக்காவது ஒரு புள்ளியில் மட்டும் நழுவி உண்மையான அடிக்குப் போய்விடும், பிறகு அந்தப் புள்ளி பெருத்து எல்லாவற்றையும் விழுங்கும் என்றார்கள். அவர்களை உறுதியார் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

பம்ப்காரம்மா மாடியேறிப் போய்ச் சொன்னார்.

"சார், ஒரு எட்டு கீழ வந்து பாருங்க."

"அப்படி ஒண்ணு வந்தா ஒளி வேகத்துல பரவும்மா. நீ மாடிப்படி ஏறி வந்து சொல்றதுக்கு நேரமே இருக்காது. அதனால அது ஒண்ணுமில்ல."

அவர் வரவில்லை. எழுதிக் கொடுத்த அறிக்கைக்கு மூன்று மாதம் கழித்து ஐந்து பேர் குழு வந்தது. வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, ஊழியரின் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனது. கண் டாக்டர், இவ்வளவு நல்ல கண்ணைத் தான் பார்த்ததில்லை என்று சான்றிதழ் கொடுத்தார். அதையும் யாரும் படிக்கவில்லை.

அதற்குள் பம்ப்காரம்மா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். காலையில் தொடாமல் வெர்னியர் அளவுகோலால் அளந்துவிட்டால் அன்று முழுக்கப் புள்ளி அசையாது. ஒருநாள் அளக்காவிட்டால் மறுநாள் மூன்று மடங்கு. காய்ச்சலில் கிடந்த ஒருநாள், கட்டடம் பூட்டிக் கிடந்த ஒருநாள், இரண்டே நாளில் கடுகு கோலிகுண்டானது. அதன்பிறகு அவர் தவறவேயில்லை. ஞாயிறு கிடையாது, விடுமுறை கிடையாது. மகளின் கல்யாணத்தன்றும் பட்டுப்புடவையோடு ஓடி வந்து அளந்துவிட்டுப் போனார். குடும்பப் போட்டோவில் அவர் மட்டும் இல்லை. "அப்படி என்ன வேலையோ" என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார். இப்படிப் பதினோரு வருடம்.

பன்னிரண்டாம் வருடம் உறுதியாருக்கு விருது கொடுத்தார்கள். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பம்ப்காரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வெற்றிடம் தானாகவே நிற்கிறது, இதை யாரும் காவல் காக்க வேண்டியதில்லை என்று மேடையில் உறுதியார் சொன்னபோது அரங்கம் கைதட்டியது. பம்ப்காரம்மாவுக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை.

"உலகம் போயிடுச்சுன்னா?" என்றார் பஸ் ஓட்டும் கணவர், காப்பியை ஆற்றிக்கொண்டே.

"ஆறு நாள் தாங்கும். கணக்குப் போட்டுட்டேன். அதுக்குள்ள அந்த ஆளு படியிறங்கலைன்னா நானே போயி அளக்கிறேன். நம்ம வீடும் அதுலதானே இருக்கு."

நாளுக்கு நாள் அது மும்மடங்காகியது. கலம் போனது, மேசை போனது, கீழே தரையில் குழி விழுந்தது. ஆறாம் நாள் காலை அது கூரையைத் துளைத்து, உறுதியாரின் நாற்காலியின் ஒரு காலையும், அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க இருந்த அவருடைய புத்தகங்களையும் கொண்டுபோனது. அவர் சாய்ந்த நாற்காலியிலிருந்து எழுந்து, ஒற்றைச் செருப்போடு பம்ப்காரம்மாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா அது?"

"நீங்கதான சார் சொன்னீங்க. ஒண்ணுமில்ல."

"கோவிச்சுக்காதம்மா. வந்து அளந்துடு."

"வெர்னியர் போதாது. டேப் எடுத்துட்டுப் போங்க. நீங்களே அளங்க."

அளந்தார். பக்கவாட்டில் டேப்பைப் பிடித்து, நாலு மீட்டர் முப்பத்தேழு என்று எழுதினார். மறுநாளும் அதே நாலு மீட்டர் முப்பத்தேழு. யார் அளந்தாலும் அதற்குச் சரிதான். ஏழு நிமிட வேலை. அதைக் கேட்டபோதுதான் பம்ப்காரம்மா வாய்விட்டு அழுதார்.

பிறகு சுற்றிலும் கயிறு கட்டினார்கள். யார் யாருக்கு எந்த நாள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். உறுதியாருக்குத் திங்களும் வியாழனும். ஊழியர்கள் கயிற்றைச் சுற்றி நடந்து சாப்பிடப் போகிறார்கள். புத்தகத்தின் புதிய பதிப்பில், 'ஓர் ஊழியர் கவனித்தபடி' என்று அடிக்குறிப்பு வந்தது. பெயர் இல்லை.

பம்ப்காரம்மா மூன்று வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கடலோரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறினார். ஜன்னலோர இடம் கிடைத்தது. வழியெல்லாம் மரங்களும் மாடுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவர் அவற்றைக் கோபம் தீராமலே பார்த்துக்கொண்டு போனார்.