நடுவில் நிறுத்தினால்

பெரிய சிஸ்டருக்குக் காதால் கேட்கவே பிடிக்காத வாக்கியம் ஒன்று உண்டு. "அரை மணி நேரத்துல முடிச்சிடுவோம் மேடம்." குழாய் மாட்ட வருகிறவரோ விளக்கு மாட்ட வருகிறவரோ, வாசலில் கால் வைக்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் பொறுப்பில் இருப்பது குறைமாதக் குழந்தைகளின் வார்டு. பக்கத்து அறையை இடித்துச் சேர்த்துப் பெரிதாக்கினால்தான் வார்டைத் தொடர்ந்து நடத்தலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மாதக் கடைசியில் சோதனைக்கு வருகிறார்கள். அதற்குள் முடியாவிட்டால் வார்டுக்குப் பூட்டு. இங்கே பிறக்கும் பொடிசுகள் ஆம்புலன்சில் வெகுதூரம் போக வேண்டியிருக்கும். முன்பு அப்படிப் போன சில குழந்தைகள் போய்ச் சேரவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் வேலை முடிந்தே ஆக வேண்டும். அதே நேரத்தில், இப்போது உள்ளே இருக்கும் குழந்தைகளுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது.

அவள் கேட்டது ஒரே ஒரு சுவிட்ச். வார்டில் அவள் அமுக்கினால் அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் எந்த மெஷினாக இருந்தாலும் அந்த நொடியே நிற்க வேண்டும்.

"நினைச்சப்பல்லாம் நிறுத்தினா, இந்த வேலை என் பேரன் காலத்துலதான் முடியும்" என்றார் மேஸ்திரி.

இந்தச் சிக்கலைத் தீர்க்கக் கட்டடக் கம்பெனி வேலை அட்டவணை போடுகிற ஒரு பிளானரை அனுப்பியது. லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றவளைப் பார்த்ததும் பெரிய சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டாள். வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த நாத்தனார்.

கணவனுடைய ஒரே தங்கை. எதையும் கட்டம் போட்டுப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அண்ணன் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால்கூட யார் எப்போது பாத்திரம் கழுவுவது என்று பிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். குடும்பத்தில் அவளுக்குப் பெயரே 'கட்டம்'. போதாக்குறைக்குப் பழைய மனத்தாங்கல் ஒன்றும் இருந்தது. நாத்தனாரின் கல்யாணத்தன்று குடும்பப் படம் எடுக்க எல்லோரும் வரிசையில் நின்றபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அண்ணி போட்ட நகையோடு ஓடிவிட்டாள். ஆல்பத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் அந்த இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. அதை ஊருக்கெல்லாம் சொல்லிக் காட்டாமல் நாத்தனார் ஒரு விருந்தையும் முடித்ததில்லை.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது. வேலையில் இறங்கியதும் அவள் கேட்ட கேள்வியே வேறாக இருந்தது. எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் ஆரம்பிக்கவில்லை. ஒவ்வொரு ஆளாகப் போய், "நடுவுல நிறுத்தினா என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் கெடாது. சுவர் எங்க ஓடிடப் போகுது?" என்றார் சுவர் இடிப்பவர்.

"ஒரு சுவரைப் பாதியில விட்டா கோடு தெரியும்மா. முழுச் சுவரும் முடிஞ்சப்புறம் நிறுத்திக்கலாம்" என்றார் பெயின்டர்.

தரை போடுகிறவர் மட்டும் ஒத்துவரவில்லை. "கலவையை ஊத்த ஆரம்பிச்சா ஒரே மூச்சுல ஊத்தி முடிக்கணும். நடுவுல நின்னா அங்கயே இறுகி மேடு தட்டிடும். அப்புறம் மொத்தத்தையும் பெயர்த்துத்தான் எடுக்கணும்."

எல்லாவற்றையும் நாத்தனார் சாஃப்ட்வேரில் ஏற்றினாள். திரையில் ஒவ்வொரு வேலையும் ஒரு நீலப் பட்டை. நிறுத்தலாம் என்கிற பட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி, நடுவில் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் நேரத்துக்கும் டாக்டர் பார்க்கும் நேரத்துக்கும் இடைவெளி விட்டாள். மெஷின் நிற்கும்போது ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமலிருக்க, ஒயர் வெட்டுவது, ஆணி பிரிப்பது போன்ற சத்தமில்லாத வேலைகளைத் தனியாக ஒதுக்கினாள். இதற்கு மேலும் சிஸ்டர் எப்போது அமுக்கினாலும், மிச்ச வேலை தானாக நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

பிறகு மேஸ்திரி போட்டு வைத்திருந்த பழைய அட்டவணையைத் திறந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏன் சார், தரைக்கு யாரு லீவு குடுத்தது?"

தரை காய்வதையும் அவர் ஆள் வைத்துச் செய்கிற வேலை மாதிரியே பதிந்திருந்தார். சாஃப்ட்வேரும் சொன்ன பேச்சு தட்டாமல், வாரக் கடைசி லீவில் தரை காயாது என்று இரண்டு நாளைத் தள்ளிப் போட்டிருந்தது. நாத்தனார் அதை மாற்றியதும் அந்த இரண்டு நாளும் மிச்சமாகிவிட்டது.

"அப்ப அந்த ரெண்டு நாளை எனக்குக் குடுங்க" என்றார் மேஸ்திரி, வாயெல்லாம் பல்லாக.

"பத்திரமா இருக்கு சார்" என்று சொல்லி அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

அன்றிலிருந்து சிவப்பு விளக்கு எரிந்தால் மெஷின்கள் அடங்கின. ஆட்கள் முணுமுணுக்காமல் ஒயர் வெட்ட உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். இப்படி ஒரு கட்டட வேலையைப் பெரிய சிஸ்டர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"உங்க தங்கச்சி கெட்டிக்காரிதாங்க" என்று வீட்டில் கணவனிடம் சொன்னாள். "அவகிட்ட சொல்லிடாதீங்க."

தரை போடும் நாள் வந்தது. மேஸ்திரி கெஞ்சாத குறையாக வார்டு வாசலில் நின்றார். "சிஸ்டர், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்த சுவிட்சைத் தொட்டுடாதீங்க. தரை போச்சுன்னா மாசக் கடைசியும் போச்சு." அவள் தலையாட்டினாள். குழந்தைகள் எல்லாம் அப்போது நன்றாகத்தான் இருந்தன.

பாதி அறைக்குக் கலவை ஊற்றியிருப்பார்கள். முந்தின நாள் பிறந்த பெண் குழந்தைக்குத் திடீரென்று உதடு நீலம் பாய்ந்தது. டாக்டர் ஓடி வந்தார். மருந்து ஏற்ற ஒரு நரம்பு வேண்டும். அந்தக் கையில் நரம்பு நூல் கனம்கூட இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கலவை மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வில் மருந்துத் தட்டு ஆடியது, குழந்தையின் கையும் சேர்ந்து ஆடியது. டாக்டர் ஊசியை வைத்தார். தவறிவிட்டது.

"பரவாயில்ல, இன்னொரு தடவை பாக்கறேன்" என்றார். அவருக்கும் தரை விஷயம் தெரியும்.

பெரிய சிஸ்டர் சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றாள். அமுக்கினால் தரை போகும், தரையோடு வார்டும் போகும். நாளைக்குப் பிறக்கப் போகிற பிள்ளைகள் எல்லாம் அந்த நீண்ட சாலையில் போக வேண்டும். அவர்கள் முகம் அவளுக்குத் தெரியாது. இந்தக் குழந்தையின் முகம் எதிரில் இருந்தது. அவள் அமுக்கிவிட்டாள்.

உறுமல் நின்றது. தட்டு அடங்கியது. இந்தத் தடவை ஊசி சரியாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதட்டில் சிவப்பு திரும்பியது.

அவள் பக்கத்து அறைக்குப் போனாள். அறை நடுவே தரை குறுக்காக மேடு தட்டிக் கிடந்தது. மேஸ்திரி முகத்தில் ஈயாடவில்லை. தரை போடுகிறவர் கரண்டியைக் கழுவ ஆரம்பித்திருந்தார்.

"எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேன்" என்றாள் நாத்தனாரிடம்.

"குழந்தை எப்படி இருக்கு அண்ணி?"

"பொழச்சுக்கிட்டா."

"அப்புறம் என்ன?" நாத்தனார் ஒரு மரப்பெட்டி மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள். தரை என்கிற பட்டைக்குப் பக்கத்திலேயே மெல்லிசாக இன்னொரு பட்டை இருந்தது. 'தரை, இரண்டாம் தடவை.' "பெயர்க்க ஒரு நாள், மறுபடி ஊத்த ஒரு நாள். அதுக்குக் கலவை மூட்டையும் ஏற்கெனவே வந்து இறங்கிடுச்சு. மாசக் கடைசி அப்படியேதான் இருக்கு."

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "அடடா, இது என்னோட ரெண்டு நாளாச்சே!"

"அண்ணியோடது சார். அவங்களுக்காகத்தான் எடுத்து வச்சேன்."

பெரிய சிஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. "எப்ப போட்ட இதை?"

"முதல் நாளே. சொன்னா சார் செலவு பண்ணிடுவாரு, அதான் மூச்சு விடலை."

"ஒருவேளை நான் அமுக்காம இருந்திருந்தா?"

நாத்தனார் சிரித்தாள். "என் கல்யாண போட்டோவுக்கே நிக்காதவங்க நீங்க. ஒரு தரைக்காகவா நிக்கப் போறீங்க?"

பெரிய சிஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வார்டில் மணி அடித்தது. பாதி வார்த்தையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். நாத்தனார் லேப்டாப்பை மூடாமல், மீதியைக் கேட்க அங்கேயே காத்திருந்தாள்.