வேம்பு பிடுங்கிய கிட்டிகள்

1.
இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. குத்தாலம் பக்கத்து வயலில் எலி பிடிக்க வைத்த மூங்கில் கிட்டிகளைப் பிடுங்கிப் போட்டது ஒன்பது வயதுச் செம்மொழி என்றுதான் முதலில் எழுதினேன். கார்ட்டூன் பார்த்த பிள்ளை செய்த வேலை என்றால் நீங்களும் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுவீர்கள்.

பிடுங்கியது அவளுடைய அம்மா வேம்பு.

2.
மறுபடி தொடங்குகிறேன். காவிரித்தாய் தன் மடியில்... (வேண்டாம். அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வந்ததே பாதிதான்.)

2003. சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலையில் இருந்த வேம்பின் புருஷன் தமிழ்மாறன், மகளுக்கு ஒரு சிடி பிளேயரும் கார்ட்டூன் படமும் கொடுத்தனுப்பியிருந்தான். காட்டில் தீ, ஆற்றில் வெள்ளம், குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஓடும் தாய் எலி. மகளைவிட வேம்புதான் அதிகம் அழுதாள். காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். புதிதாக வாங்கிய அரை ஏக்கரில் இதுதான் முதல் சம்பா. கதிர் பால் பிடிக்கிற சமயம் பார்த்து எலி வெட்டத் தொடங்கியது. ஊரில் எலி பிடிக்கிற வீரையன் கிட்டி வைத்துவிட்டுப் போன அதே சாயங்காலம், இருபதையும் பிடுங்கி வரப்பில் போட்டாள்.

(படத்தை நானும் பார்த்தேன். நானும் அழுதேன். பிறகுதான் உறைத்தது: ஒன்றரை மணி நேரத்தில் அந்த எலி ஒரு நெல்லைக்கூடக் கடிக்கவில்லை. அந்தக் காட்டில் விதைத்தவர் என்று யாருமே இல்லை.)

3.
விடிந்தபோது நடுவயலில் ஒரு பாய் அகலத்துக்குக் கதிர் சாய்ந்து கிடந்தது.

"கிட்டிய யாரு தங்கச்சி புடுங்குனது?"

"நாந்தாண்ணே. மனசு கேக்கல."

வீரையன் திட்டுவதாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கிட்டி வைத்தே முடி நரைத்த மனுஷன், செத்த எலியை ஒருநாளும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார் என்று நான் எப்படி முடிவு கட்டினேன்?

"அப்ப விட்டுடு. மருந்தும் வேணாம். ஆந்தை கோட்டான் வந்து உக்கார கழி நடுவோம். ஆனா இன்னைக்கே நடணும். இன்னும் ரெண்டு ராத்திரி போனா ஒனக்கு வைக்கோல்தான் மிஞ்சும்."

வேம்புக்குப் போன உயிர் திரும்பியது.

[முடிவு ஒன்று: கழி நட்டார்கள். பயிர் பிழைத்தது. இயற்கையை இயற்கையே...]

4.
குழி தோண்டி, வேம்பு கழியைத் தூக்கிப் பிடித்தபோது செம்மொழி கேட்டாள்:

"கோட்டான் வந்து எலிய என்னம்மா பண்ணும்?"

வேம்பு சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். கழி இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. பிள்ளை அவள் முகத்தையே பார்க்கிறது. இன்றைக்கு நீங்களும் சோறு சாப்பிட்டிருப்பீர்கள். நீங்களே சொல்லுங்கள் அவளிடம்.