விபூதி பூசிய கோடரி

வரதன் சாருக்கு அப்படி என்னதான் அவசரமோ! பேராசிரியராம், வழிகாட்டியாம். அரைகுறைப் படத்தை நம்பி ஆய்விதழுக்குக் கட்டுரையே எழுதி அனுப்பிவிட்டார் மனிதர்.

பொன்னேரிக்கு மேற்கே, வேப்பமரத்தடியில் ஊரார் கன்னியம்மா என்று கும்பிடுவது உண்மையில் கற்காலத்துக் கோடரி ஒன்றை. முனைவர் பட்டத்துக்காக ஹெலன் அதைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, கணினியில் முப்பரிமாண உருவமாக்கினாள். தினமும் எண்ணெய் குடித்த கல் வெயிலில் பளபளக்க, வெட்டுவாய் விளிம்பு படத்தில் சரியாக விழவே இல்லை. உருவத்தில் அந்த இடம் ஓட்டையாக நின்றது. மென்பொருளோ அதைத் தானாகவே வழவழவென்று அடைத்துவிட்டது. வரதன் அதைப் பார்த்துத்தான், "விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை, சடங்குக்கென்றே செய்தது, யாரும் இதை வைத்து வேலை செய்யவில்லை" என்று எழுதினார்.

ஹெலனுக்கு மனசு ஒப்பவில்லை. மறுபடி போனாள். பூசை செய்யும் தேசம்மா கல்லைக் குளிப்பாட்டி, மெல்லிசாக விபூதி பூசிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, இன்னிக்கு எண்ணெய் இல்லியா?"

"அமாவாசைக்கு விபூதிதாம்மா. சர்ச்சுக்குப் போற பொண்ணு, உனுக்கு எங்க தெரியப்போவுது!"

மினுக்கம் அடங்கிய கல்லை ஹெலன் ஆசைதீரப் படமெடுத்தாள். அடேயப்பா! புது உருவத்தில் விளிம்பெங்கும் பொடிப்பொடியாகச் சில்லு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடங்களும் தேய்ந்து மழுங்கிக் கிடந்தன. மரம் வெட்டியதோ, மண் கொத்தியதோ, உழைத்து ஓய்ந்த கல் அது.

வரதனிடம் ஓடினாள். அவர் திரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கருத்தரங்குல பழைய உருவத்தையே காட்டு. இல்லன்னா உன் ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் உலைச்சூட்டில் வெந்து அப்பா படிக்கவைத்த படிப்பு. அது மண்ணாகிவிடுமோ என்று பயந்தாள். அதைவிடக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

கருத்தரங்கில் இரண்டு உருவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள்.

"இது மென்பொருள் அடைச்சது. இதுதான் நெசமான கல்லு."

முன்வரிசையில் வரதன் எழுந்தார். "ஹெலன், போதும். உக்காரு."

"உக்கார மாட்டேன் சார். உழைச்ச கல்லத்தான் நம்ம ஜனங்க சாமின்னு கும்புட்டுக்கினு இருக்காங்க. அதும் தழும்ப அழிச்சிட்டுத்தான் பட்டம் வரும்னா, எனுக்கு அந்தப் பட்டமே வாணாம்."

அவர் விருட்டென்று வெளியேறினார். ஹெலன் திரைப்பக்கம் திரும்பி, பெயர்ந்த சில்லுகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டத் தொடங்கினாள்.